இரண்டு விரல்

ஐஸ் பெட்டி சரிந்தபோது
வஞ்சிரக் கூடை நாலாயிரத்தில் நின்றது.
ஐயாயிரம் என்று கூவ வாயைத் திறந்தேன்.
மூடியவர்கள் ஸ்டான்லியில்:
தாடைக்குள் தகடு,
பல்லோடு பல்லுக்குக் கம்பிக்கட்டு, ஆறு வாரம்.

காசிமேட்டில் ஏலம் விடுகிறவள்
ஸ்ட்ராவில் கஞ்சி உறிஞ்சினேன்.
"தேசம்மா இப்பதான் நல்ல மனுசி"
என்றான், எனக்குப் பாக்கி வைத்திருந்த சவரி.
சிரிக்கவும் முடியவில்லை.

தலையணைக்கடியில் ஒரு கட்டர்.
"வாந்தி வந்தா ஒடனே கம்பிய வெட்டணும்"
நர்ஸ் சொன்னதிலிருந்து
மகன் தூங்கவில்லை.

எலும்பு சேரவில்லை.
தகட்டோரம் சீழ் வைத்ததை
எக்ஸ்ரேவுக்கு முன்னால் நான் அறிந்தேன்,
செவுளைத் தூக்கி மோந்தே
நேற்றைய மீனைச் சொல்கிறவள்.

படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து
"இந்த இடம் செத்துப்போச்சும்மா" என்றாள் டாக்டர்,
வலையில் கிழிசல் காட்டுகிறாற்போல்.
சுரண்டினார்கள். ஆறவிட்டார்கள்.
பிறகு இடுப்பைத் திறந்து
ஒரு துண்டு எடுத்து வாயில் பதித்தார்கள்.

கூடை சுமந்த இடுப்பு.
இவனைச் சுமந்த இடுப்பு.
அதற்குத் தெரியும் பாரம்;
பேச்சு தெரியுமா என்றுதான் பயம்.

கீழுதடு இடப்பக்கம் இன்னும் மரத்தே கிடக்கிறது.
டீ வழிவதை
யாராவது சொன்னால்தான் துடைக்கிறேன்.

இன்று விடிகாலை, நாலு மணி.
விசைப்படகு வந்து நிற்கிறது.
கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி
கூட்டத்துக்கு நடுவில் போகிறேன்.
வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது.

நாலாயிரம்.

சவரி திரும்பிப் பார்க்கிறான்.
ஐயாயிரம் வெளியே வர
இரண்டு விரல் போதும்.