வண்டி வராத தெரு

மூன்று வருடமாகப் பச்சைப் புள்ளிகளை எண்ணுகிறேன்.
ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை.
உள்ளே கெட்டு முறுக்கிக்கொண்ட புரதத்தைச்
செல் அள்ளிப் போட்டு வாய் கட்டி வைத்தது.
எண்ணி முடித்தால் முனைவர் பட்டம் என்றார்கள்,
ஏறக்குறைய அப்படித்தான்.

ட்ரொம்ஸோவில் நவம்பர் கடைசியில் இறங்கிய சூரியன்
ஜனவரி மூன்றாம் வாரம்வரை எட்டிப்பார்க்காது.
எனக்கு அதில் பெரிய நஷ்டமில்லை.
நுண்ணோக்கி அறையில் எப்படியும் விளக்கு கூடாது.
பகல் இரண்டு மணி, ராத்திரி இரண்டு மணி,
ஒரே கறுப்பு. ஒரே பச்சை.

என் செல்கள் ஒருவருடைய முன்கைத் தோல்.
சென்யா தீவு. ஆண். ஐம்பத்தொன்று. படகோட்டி.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது;
குப்பிமேல் எஃப் பதினேழு, அவ்வளவுதான்.
தோலை நியூரானாக்க ஏழு வாரம் பிடிக்கும்.
பிறகு அவை கிளை விட்டு
ஒன்றையொன்று தேட ஆரம்பிக்கும்.
படிவத்தின் ஓரத்தில் யாரோ ஒரு நர்ஸ்
"இன்று நங்கூரம் என்ற சொல் வரவில்லை அவருக்கு"
என்று எழுதியிருந்தாள்.
எழுதியிருக்க வேண்டாம்.

நல்ல செல்லில் நாற்பது பை.
அவருடையதில் நூற்றுப்பத்து.
திரும்பத் திரும்ப எண்ணினேன், அதேதான்.
எனவே மூன்றாம் அத்தியாயத்தில் எழுதினேன்:
செல் சளைக்காமல் போராடுகிறது,
துப்புரவு பெருகுகிறது.
ஹொக்னே படித்துவிட்டு, அழகான வாக்கியம் என்றார்.
அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டிசம்பரில் பனி கொட்டியது.
எங்கள் மேட்டுத் தெருவில் பதினொரு நாள்
குப்பை வண்டி ஏறவில்லை.
சாப்பாட்டு மிச்சம் கட்டிய பச்சைப் பைகள்
கதவுக்குக் கதவு, பனிக்குள் பாதி, வெளியே பாதி.
மீன் முள், காபிச் சக்கை, ஆரஞ்சுத் தோல்,
எல்லாம் உறைந்து, நாற்றம்கூட இல்லாமல்.
எதிர்வீட்டு எல்ட்பியோர்க் மண்வாரியை ஊன்றி நின்று சொன்னாள்:
"மேலேயிருந்து பார்க்கிறவன் நினைப்பான்,
ஊரிலேயே சுத்தமான ஜனம் இங்கேதான் என்று.
எத்தனை பை, பாரேன்!"

அவள் சிரித்தாள்.
எனக்குக் கால் கூசியது.

ஓடவில்லை. வழுக்கும். நடந்துதான் போனேன்,
ஆய்வகத்துக்கு, ராத்திரி பதினொன்றுக்கு.
இரண்டு தட்டிலும் ஒரே மருந்து,
பை போய்ச் சேரும் இடத்தை அடைக்கிற மருந்து.
நாலு மணி நேரம் காத்திருந்தேன்.
கையுறையைக் கழற்றி, மாட்டி, கழற்றி.

நல்ல செல்லில் நாற்பது, நூற்றிருபதானது.
இத்தனை நாளும் கண்ணுக்குப் படாமல்
அள்ளியள்ளிப் போய்க்கொண்டிருந்தது அது;
வழியை அடைத்தபோதுதான் கணக்கு தெரிந்தது.
அவருடையதில் நூற்றுப்பத்து
நூற்றுப்பதினொன்று.

அடைக்க அங்கே வழி ஏதும் இருக்கவில்லை.

போராட்டமில்லை. பெருக்கமில்லை.
கட்டிவைத்துவிட்டு
வாசலில் நின்றுகொண்டிருக்கிறது செல்.

பெருகுகிறது என்பதை அடித்துத் தேங்குகிறது என்று எழுதினேன்.
ஒரு வினைச்சொல்.
அது இழுத்ததில் நாற்பது பக்கம் கூடவே சரிந்தது,
இரண்டு படம், ஒரு மாநாட்டுச் சுவரொட்டி,
ஹொக்னேயின் புருவம்.
சரிதான் என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.
வருத்தமா என்று கேட்டால்
தெரியவில்லை.
உண்மை கிடைத்த சந்தோஷம் என்று சொல்ல
வாய் வரவில்லை, ஏனென்றால் அந்த உண்மை
சென்யாவில் ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது.

மறுநாள் காலை ஐந்துக்கு வண்டி வந்தது.
பின்னோக்கி ஏறும்போது போடுகிற அந்தக் கீச்சொலி.
தூக்க உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
பனியோடு ஒட்டிப்போன பைகளை
உதைத்து உதைத்துப் பெயர்த்து வீசினான் ஒருவன்.
சட்டையில் பெயர்: ஐலோ.
"எதையாவது தவறிப் போட்டுவிட்டாயா?"
இல்லை என்றேன்.
"பிறகு?"

முப்பத்தாறு, முப்பத்தேழு.
அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
மேலே இன்னும் நாலு தெரு பாக்கி.