நிறுத்து என்ற சொல்

முதலில் கண்ணாடி.
பட்டறைக் கதவருகே இருபது தொங்குகின்றன,
பத்தொன்பதில் கீறல்.
ஒடெட் பூஷாம்ப், ஏழாம் வகுப்பு,
கீறாத அந்த ஒன்றைத் தேடி எடுத்தாள்.
மூக்கில் நில்லாமல் வழுக்கியது,
ஷூ லேஸால் பின்னந்தலையில் கட்டிக்கொண்டாள்.

ஜூனில் நான் பள்ளியை முடித்துப் போய்விடுவேன்.
அதற்குள் எங்கள் ரோபோ அணிக்கு
ஒரு பாதுகாப்புத் தலைவி வேண்டும்.
எனக்குக் கிடைத்தவள் இவள்.

எஸ்கனாபாவில் பிப்ரவரி.
ஏரி பாறையாகிக் கிடக்கிறது.
பட்டறைக்குள் எந்திர எண்ணெயும்
ஆறிப்போன பீட்சாவும் மணக்க
நான் சொல்லிக்கொண்டே போனேன்:
பேட்டரியை வயரைப் பிடித்துத் தூக்காதே,
கைக்குழந்தையை யாராவது
ஒற்றை விரலில் தூக்குவார்களா?
அமிலம் சிந்தினால் சமையல் சோடா,
சிவப்பு வாளியில் இருக்கிறது.
காற்றுத் தொட்டியின் முள்
சுழியத்துக்கு வரும்வரை
முகத்தை அங்கே கொண்டுபோகாதே.
தொங்குகிற எதையும் நம்பாதே,
உன் பின்னல் உட்பட.
ரோபோவுக்கு உயிர் கொடுக்குமுன்
ஓட்டுகிறவன் கூவ வேண்டும்.
ஆபத்தென்று பட்டால்
"நிறுத்து" என்று நீ கூவ வேண்டும்.

அணில் படம் போட்ட நோட்டில்
எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கேட்டாள்:
"தப்பாகக் கூவிவிட்டால்?"
மணி ஆகிவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

வியாழன் இரவு கூவினாள்.
ஆண்டர்ஸ் சிவப்புப் பொத்தானை அறைந்தான்.
உயர்ந்துகொண்டிருந்த எந்திரக் கை
தொப்பென்று விழுந்தது.
சங்கிலிக்கு இடையில் கை, கை என்றாள்.
கைதான்.
ஆள் இல்லாத ஆரஞ்சுக் கையுறை.
எல்லா அளவுகளையும் மறுபடி முதலிலிருந்து எடுக்க
நாற்பது நிமிடம்.
மறுநாள் அந்தக் கையுறை
இரண்டு கண் வரைந்து
அவள் கோட் ஆணியில் தொங்கியது.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் பாதி சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை
யூஹானி பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்,
மின்சாரம் போகவில்லை.
ஒடெட் பார்த்தாள்.
வாய் திறந்ததை நான் பார்த்தேன்.
கூவுமுன் அவள்
ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லாத சொல்லுக்கு விலையில்லையாம்.
நடுவிரலில் மூன்று தையல்.
கொட்டும் பனியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம்
அவன் ஜோக் அடித்துக்கொண்டு வந்தான்,
பின் சீட்டில் அவள்
கண்ணாடியைக் கழற்றாமல் அழுதாள்.

விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டம்.
கவனக்குறைவு என்று எழுதினேன். அடித்தேன்.
இன்னொன்று எழுதினேன்.
அதில் யூஹானி பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை.

சனிக்கிழமை அவள் சித்தப்பா மீன்பிடிக்கக் கிளம்பினார்.
டிரக்கை ஏரியில் இறக்குமுன்
பத்தடிக்கு ஒரு துளை போட்டுக்கொண்டே நடந்தார்.
போட்ட இடமெல்லாம் இரும்பாட்டம் பனி.
முப்பது துளை, முப்பதும் வீண்.
யாரும் துளைக்கருவிக்குக் கண் வரைந்து
ஆணியில் மாட்டவில்லை.

திங்கள் முதல் ஒரு புது விதி.
தினமும் பத்து நிமிடம்
ஒடெட் எதற்கு வேண்டுமானாலும் கூவலாம்.
கையை எடுத்த பிறகுதான் ஏன் என்று கேட்கலாம்.
துடைப்பத்துக்குக் கூவினாள்.
ஒரு நிழலுக்கு.
தன் தும்மலுக்கே ஒருமுறை.
ஆண்டர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்,
ஆனால் நின்றான்.
வர வரக் குரல் தொண்டையிலிருந்து இறங்கி
வயிற்றிலிருந்து வந்தது.

இன்று என்னைப் பார்த்துக் கூவினாள்.
பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
கண்ணாடி போட்டிருக்கிறேன்,
முடி கட்டியிருக்கிறேன்,
முள் சுழியத்தில்தான் இருக்கிறது.
அவள் எதைப் பார்க்கிறாளென்று
எனக்குத் தெரியவில்லை.

கையை எடுத்துவிட்டேன்.