நீலம், ஆரஞ்சு

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, ஆந்திராவின் போர்டு கண்ணில் படும் இடத்தில்
நெல்லூர் இறால் ஏற்றிய கண்டெய்னர் நின்றுவிட்டது.
ராத்திரி ஒன்றே கால்.
காலை ஒன்பதரைக்கு எனக்குக் கும்மிடிப்பூண்டியில் அரியர் பரீட்சை:
குளிர்சாதனவியல், மூன்றாம் முறை.

டிரைவர் போலய்யாவுக்குத் தமிழ் பாதி, கோபம் முழுசு.
"மைனஸ் பதினெட்டு உண்டாலி தம்முடு.
இப்போ பாரு, ஏழு."

கோதண்டன் அண்ணன் பட்டறையில் நாளுக்கு முந்நூறு,
ராத்திரி என்றால் கூட நூறும் புரோட்டாவும்.
ஒன்றரை வருஷத்தில்
கம்ப்ரஸர் மேல் காதை வைத்தால்
வால்வு போச்சா பேரிங் போச்சா சொல்லிவிடுவேன்.
பாலிடெக்னிக்கிலும் ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது,
குறுக்கே வெட்டி, சிவப்பும் பச்சையும் அடித்து,
ஒரு நாளும் ஓடாத சுத்தத்தோடு.

கசிவைக் கண்டுபிடித்தது நான்தான்.
சோப்பு நுரை, டார்ச்.
மூன்றாவது மூட்டில் ஒரு குமிழ்
கண் திறந்து மூடியது.
மிச்ச வாயுவை இறக்கிப் பற்றவைத்தேன்.
ஏற்றப் போனால் ஆரஞ்சு சிலிண்டர் காலி.
போனில் அண்ணன்:
"நீலத்தைப் போடுறா. காஸுன்னா காஸுதான்."

போட்டேன்.
மைனஸ் எட்டு. ஒன்பது.
போலய்யா முதுகில் தட்டினார்.
பத்து. பதினொன்று.
பதினொன்று.
லாரிகள் எங்களை உலுக்கிவிட்டுப் போயின.
சூலூர்பேட்டையிலிருந்து முதல் வண்டி போகும் சத்தம் கேட்டது.
பதினொன்றுதான்.

பையிலிருந்த புத்தகத்தை அப்போது எடுத்தேன்,
பரீட்சைக்காக, வண்டிக்காக அல்ல.
அட்டவணை. கொதிநிலை.
ஒரு வாயுவுக்கு மைனஸ் இருபத்தாறு,
இன்னொன்றுக்கு நாற்பத்தாறு.
இரண்டும் மனப்பாடம்.
போன தடவை தாளில்
டிக் வாங்கிய ஒரே வரி அதுதான்.

இருபத்தாறு என்பது நீலம் என்று
எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.
ஆரஞ்சுக்கு ஓர் எண் உண்டென்று
பட்டறையில் எவனுக்கும் தெரியாது.
இந்த ஒரே மண்டைக்குள்
ஒன்றரை வருஷமாக இரண்டும் குடியிருந்திருக்கின்றன,
அடுத்தடுத்த வீடு,
பேச்சுவார்த்தை இல்லை.

விடிந்ததும் ஸ்ரீசிட்டி ஷிப்டு பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள்.
ஜீவமணி. என் பீஸைக் கட்டுகிறவள்.
லாரியடியில் என் காலைப் பார்த்தே அடையாளம் கண்டிருக்கிறாள்.
போலய்யா யாரிடமோ தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்,
இறால் என்ற சொல் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து.

"காலேஜை விட்டுட்டு முழுசா இதுல எறங்கிடட்டுமாக்கா?
இல்ல, இத விட்டுட்டுப் படிக்கட்டுமா?"

பாஸ்டரைக் கேட்டிருக்கிறேன், படி என்றார்.
கோதண்டன் அண்ணன், படித்தவன் எல்லாம் இங்கே வந்துதான் கேட்கிறான் என்றார்.
அவள் எதுவும் சொல்லவில்லை.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றினாள்.
பிறகு, தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே:
"ஷிப்டுக்கு ரெண்டாயிரம் திருகு போடறேன் ஏசுபாதம்.
மூடிக்குள்ள என்ன இருக்குன்னு
காலேஜும் சொல்லல, கம்பெனியும் சொல்லல.
எட்டு பத்து வண்டியப் புடி."

எண்ணெய் முழுதாகப் போகவில்லை.
ஹால் டிக்கெட்டில் என் போட்டோவின் நெற்றிமேல்
ஒரு விரல் ரேகை.

பதினான்காம் கேள்வி: சுழற்சியைப் படம் வரைந்து விளக்குக.
வரைந்தேன்.
மூன்றாவது மூட்டில், கை தானாகப் போய்,
ஒரு குமிழ்.
அழிக்கலாமா என்று யோசித்தேன்.
ரப்பர் கொண்டுவரவில்லை.

குமிழுக்குக் காரணம் எழுதினேன்.
பிறகு தவறான வாயு ஏற்றினால் என்ன ஆகும் என்று,
யாரும் கேட்காததை,
எத்தனை மணிக்கு எந்த எண்ணில் நிற்கும் என்பதுவரை.
கூடுதல் தாள் கேட்டேன், மூன்று முறையில் முதல் தடவை.
மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்துவிட்டு
ஓரத்தைப் பிடித்து நீட்டினார்.

வெளியே வந்து போனை எடுத்தேன்.
கோதண்டன் அண்ணன்.
தவறிய அழைப்புகள்: பதினொன்று.