அரையடி மேடு

மலை இல்லாத ஊரில் பிறந்தவள்
நாளெல்லாம் மலை வரைகிறேன்.
இடப்பக்கம் வினைபடுபொருள்,
வலப்பக்கம் விளைபொருள்,
நடுவில் ஏறி இறங்கும் ஒரு கோடு.
கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடிக்கு வரும் வழியில்
அந்தக் கோட்டுக்கு உவமை சொல்ல ஒரு மேடு கிடையாது,
ஆற்றங்கரைகளையும் வேகத்தடைகளையும் தவிர.

வாப்பாவின் உரக்கடையில்
யூரியா மூட்டை நாற்பத்தைந்து கிலோ.
அதன் மூலக்கூறில் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டுக்
கந்தகத்தை உட்கார வைத்தால் தயோயூரியா.
தோளுக்கொரு வளையம் மாட்டினால்
என் வினையூக்கி.
"கிலோ என்ன விலை?" என்றார்.
கிராம் விலையைச் சொன்னேன்.
கல்லாவைப் பூட்டிக்கொண்டு
அஸருக்குப் போய்விட்டார்.

இரண்டு நைட்ரஜன், நுனியில் ஆளுக்கொரு ஹைட்ரஜன்.
நைட்ரோ தொகுதியின் இரண்டு ஆக்சிஜன்களையும்
அவை பிடிக்கின்றன என்று எழுதி
அடித்துவிட்டேன்.
மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது பிடிப்பு.
இது, நெரிசல் பஸ்ஸில்
முன்பின் தெரியாத ஒருத்தியின் முழங்கையில்
அவள் விழாதிருக்க வைக்கும் இரண்டு விரல்.
ஹைட்ரஜன் பிணைப்பு.
நிஜப் பிணைப்பில் இருபதில் ஒரு பங்குகூட
வலு இருக்குமோ என்னவோ.
அந்த இரண்டு விரலுக்கே
எலக்ட்ரான்கள் சற்றுத் தள்ளி உட்காருகின்றன,
கடைசியில் இருக்கும் கார்பனுக்குப் பசியெடுக்கிறது,
மேடு கொஞ்சம் தாழ்கிறது.

கொஞ்சம்தான்.
ஒன்றரைக் கிலோகலோரி தாழ்ந்தால் வேகம் பத்து மடங்கு,
மூன்று தாழ்ந்தால் நூறு.
கடைமடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
வாய்க்காலில் அரையடி வண்டல்:
இந்தப்பக்கம் நாற்று முங்கும்,
அந்தப்பக்கம் தரை வெடிக்கும்.
நடுராத்திரி யாரோ மண்வெட்டியோடு போய்
நாலு விரற்கடை வழித்துவிடுவார்கள்.
விடிந்தால் போலீஸ் ஸ்டேஷன்.

இறுக்கிப் பிடிக்கிற ஒன்றையும் செய்து பார்த்தேன்.
வந்ததை விடவே இல்லை.
அதற்குப் பெயர் வினையூக்கி அல்ல,
கந்துவட்டி.

சித்திரையில் ஆறு மணி நேரத்தில் முடிந்த வினை
ஐப்பசியில் மூன்று நாளாக நகரவில்லை.
டொலுவீனை மாற்றினேன். குடுவையை மாற்றினேன்.
கைடு ஃபோனில், "உங்க கைதான் கோளாறு."
ஒழுகும் கூரைக்கு நேராக
உடைந்த பீக்கர்களை அடுக்கிக்கொண்டே
லேப் உதவியாளர் தைரியநாதன் சொன்னார்:
"வீட்ல உப்பே தண்ணியாக் கெடக்குது, போங்க."

உறைத்தது.
தண்ணீருக்கும் ஆக்சிஜன் உண்டு.
என் மூலக்கூறின் இரண்டு விரல்களையும்
மழை வந்து பற்றிக்கொண்டிருக்கிறது.
மூட்டை மூட்டையாகக் கடன் கொடுத்துவிட்டு
வாப்பா எதற்காக வானத்தைப் பார்க்கிறாரோ,
அது உள்ளே வரக் கூடாதென்று
முந்நூறு டிகிரியில் குருணை வறுத்து,
சோடியம் போட்டுக் காய்ச்சி வடித்து,
குடுவை வாயில் பலூன் கட்டி
நான் காவல் நின்றேன்.
டெல்டாவில் தண்ணீர் வேண்டாமென்று சொன்ன ஒரே ஆள்
அன்று நானாகத்தான் இருப்பேன்.

ராத்திரி எட்டு மணிக்கு
ஊதா விளக்கின் அடியில் தகட்டில் புதுப் புள்ளி.
எழுபத்தொரு சதம்.

கடைசி பஸ். கண்ணாடி ஏறவில்லை, பாதி நனைந்தேன்.
இருபுறமும் சம்பா வயல் முழங்கால் தண்ணீரில்,
காலையில் இறைத்த யூரியா கரைந்துகொண்டு.
அந்தச் சேற்றில் பெயர்கூடத் தெரியாத ஒரு கிருமி,
அதன் நொதியில் ஒரு குழி.
பலூன் இல்லை, சோடியம் இல்லை.
யூரியாவை நாலைந்து விரலால் தாங்கி,
வேண்டிய துளியை மட்டும் உள்ளே விட்டு,
மீதித் தண்ணீரை வாசலிலேயே நிறுத்தி,
உடைத்து,
விட்டுவிடுகிறது.

எனக்குப் பொறாமையாக இருந்தது.
லெட்சுமாங்குடிப் பாலத்தில் பஸ் நின்றபோது
கண்டக்டர், "இறங்கலையா?" என்றார்.