பிரிபடாத பாகம்

மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுபவள் நான்.
மேசை இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில்
ஒரு மாத்திரை டப்பா.
அதில் அரைக்காசு.

பழமொழிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அரை.
ஆயிரம் வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில்
ஒரு வெள்ளிப் பென்னியைச் சில்லறைக்காக
நடுவே கத்தரித்திருக்கிறார்கள்.
வெட்ட வசதியாகப் பின்பக்கம்
ஓரம் தொட்டு ஓரம்வரை நீளச் சிலுவை.
நான்கெல்லை போட்டே அச்சடித்த சொத்து.
இப்படியொரு ஷெட்யூலை நான் எழுதியதில்லை.

முன்பக்கம் ராஜா.
என் பாகத்துக்கு வந்தது பிடரி மயிர், ஒரு காது, கொஞ்சம் தோள்.
மூக்கு யார் வீட்டிலோ.

பொன்னம்பல ஆச்சாரி தராசில் வைத்தார்.
ஐந்து குன்றிமணி.
"கொலுசுக்குத் திருகாணிகூட ஆவாதும்மா."
உரைகல்லை எடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.
ஏற்கெனவே ஒருவன் சோதித்துவிட்டான்:
ராஜாவின் கழுத்தில் கத்திமுனை நெம்பிய இரண்டு வடு.
கடல்தாண்டிப் போன இடத்தில்
வெள்ளிதானா என்று குத்திப் பார்த்தவன் போட்டது.
வில்லங்கம் பார்க்காமல் வாங்காத ஆள்.
எனக்கு அவனைப் பிடிக்கும்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம், அதற்குமேல் கஸ்டம்ஸ்.
தபால்காரர் இருதயராஜ் கையெழுத்து வாங்கும்போது
உள்ளே என்ன என்றார். பாதிக் காசு என்றேன்.
"மீதி?"

அதைத்தானே நானும்.

சுற்றெழுத்தில் மிஞ்சியது ‘…வினே’,
பிறகு ஊருக்கு ஒரே ஒரு ‘ல’.
அந்த வ பார்வைக்கு ப மாதிரி;
மூன்று மாதம் பினே, பினே என்று தேடியிருக்கிறேன்.
வினே என்றால் நண்பனாம்.
காசடித்தவனுடைய பெயரின் வால்.
பத்திரத்தின் அடியில் நான் பெயரும் உரிம எண்ணும் போடுவதுபோல
அவனும் போட்டிருக்கிறான்;
வெள்ளி குறைந்தால் அவனுக்குக் கை போகும்.
லண்டனா, லிங்கனா, லூயிஸா,
லிட்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஊரும் உண்டு.

எனக்கு இது புதிதில்லை.
தானே புயலில் கூரை பறந்த வருஷம்
ஈரப் பத்திரங்களைக் கொடியில் காயப்போட்டு
‘…சாமி, தி…’ என்று மிஞ்சியதை
வாரிசுகளுக்குப் படித்துக் காட்டியவள் நான்.
அய்யாசாமியா, அப்பாசாமியா,
திருவந்திபுரமா, திருமாணிக்குழியா,
எட்டுப் பேர் என் வாயைப் பார்த்து நின்றார்கள்.

கார்த்திகையில், ஓர் ஏல அட்டவணையில்
இன்னொரு பாதி.
அதில் மூக்கு இருந்தது.
‘லியோஃப்’ என்று தொடங்கி, வெட்டில் நின்றது.
செராக்ஸ் கடையில் அசல் அளவுக்குப் பிரிண்ட் எடுத்துக்
கத்தரித்து, என் பாதியோடு ஒட்டவைத்தேன்.
லியோஃப்வினே. லண்டன்.
தாய்ப்பத்திரம் கிடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்,
திருப்பிப் பார்க்கும்வரை.
ராஜாவுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு காது.

அவனேதான் அடித்திருக்கலாம்.
காசு வேறு.

அன்று மதியம் குடிகாட்டிலிருந்து அண்ணன் தம்பி.
நிலம் பிரித்தாயிற்று, கிணற்றில் நிற்கிறது சண்டை.
‘மேற்படி கிணற்றிலும் மோட்டாரிலும்
பிரிபடாத பாகம் சரிபாதி’ என்று எழுதினேன்.
"பிரிபடாதன்னா எந்தப் பக்கம் என்னுது?" என்றான் தம்பி.
அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கப் பார்த்தான், முடியவில்லை.
தம்பி ரொம்ப நேரம் முறைத்துக்கொண்டிருந்தான்.
கையெழுத்துப் போட்டார்கள்.

ராத்திரி ஏலம் கேட்டேன்.
பொருந்தாது என்று தெரிந்து,
என் வரம்புக்கு மேல் எழுநூறு ரூபாய் போய்க் கேட்டேன்.

தையில் பார்சல் வந்தது.
"மீதி வந்துடுச்சா?" என்றார் இருதயராஜ்.
"இல்ல, இது வேற ஒருத்தரோட பாதி."
பேனாவைத் திருப்பி வாங்கிச் சட்டையில் செருகிக்கொண்டு,
"அப்ப ரெண்டு மீதி பாக்கி" என்று
வண்டியைக் கிளப்பினார்.