தற்செயல்

ஏப்ரல் பதினைந்து முதல் மே முடியும்வரை
பையனைப் பார்க்கலாம், பேசக் கூடாது.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கச் சட்டத்தில் ஒரு வரி.
தற்செயலாக எதிர்ப்பட்டால்
நலம் கேட்டுவிட்டு நகரலாம்.
இதுவும் அதே வரிதான், கமாவுக்குப் பிறகு.

கோச் லெட்பெட்டர் குடியிருந்தது அந்தக் கமாவில்.

மிஸிஸிப்பியில் ஒரு பள்ளி நடைக்கூடம்.
தண்ணீர்க் குழாயருகே நாற்பது நிமிடம்
தாகமில்லாமல் நின்றார்.
மணி அடித்தது.
பதினாறாம் எண் காலணியில் ஒருவன்
நிலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தான்.
"அடடே, டெமேரியஸ்! நீ இங்கேயா படிக்கிறாய்?"

அந்த வாரம் மட்டும் ஏழு அடடே.
முடிவெட்டும் கடையில். பெட்ரோல் பங்கில்.
பாப்டிஸ்ட் தேவாலயத்தில், மூன்றாம் வரிசையில்;
கோச் மெதடிஸ்ட்.
தாய்க்கு ஒரு காபிகூட வாங்கித்தரக் கூடாது என்பது விதி.
தன் கோப்பையை அவள் பக்கத்தில் மறந்துவைத்துப் போனார்,
சர்க்கரை இரண்டு, பால் கிடையாது,
கோழி ஆலையின் இரவு ஷிஃப்ட் முடித்து
விர்னெட்டா ஓடம் குடிக்கும் பக்குவத்தில்.

குறுஞ்செய்தி கூடாதென்றார்கள். ஈமெயிலைச் சொல்லவில்லை.
பையனின் போன் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அதிர்ந்தது.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி தடுக்கில் பாய்ந்தால்
நாங்கள் கோலத்தில் பாய்ந்தோம்:
வெள்ளி இரவு, இரண்டாம் கால் பகுதியில்,
மைதானத்தின் ஓரத்தில் ஹெலிகாப்டர்.
"பேசினேனா?" என்றார் என்னிடம். "இறங்கினேன்."

என்னிடம்தான் சொல்ல வேண்டும்.
விதி இணக்க அலுவலகம், அடித்தளம், ஜன்னல் இல்லை.
ஒவ்வொரு தற்செயலும் இரண்டு பிரதிகளில்
என் மேசைக்கு வரும். முத்திரை குத்துவேன்.
முதல் வருடம் கேட்டார்:
"டார்லீன், தற்செயல் என்றால் என்னவென்று
எங்காவது எழுதியிருக்கிறதா?"
இரண்டு நாள் தேடினேன். இல்லை என்றேன்,
வகுப்பில் முதலில் கை தூக்கியவள் போல.
மறுநாள் மேசையில் ஒரு டஜன் டோனட்.
பதினொன்றை நானே தின்றேன்.

பையனின் பள்ளிக் கோச்சுக்கு எங்களிடம் வேலை கிடைத்தது,
ஆட்டப் பகுப்பாய்வு ஆலோசகர், மூன்று மடங்கு சம்பளம்.
அவருக்கு இன்றுவரை நாற்காலி வரவில்லை.
பையன் வந்துவிட்டான்.
பிப்ரவரியில், பள்ளி நூலகத்தில், மூன்று தொப்பிகளில்
எங்கள் பச்சையை எடுத்துத் தலையில் வைத்தான்.
அது அவனுக்குச் சின்னது.

அக்டோபர். இடது முழங்கால்.
டிவியில் மறுபடி காட்டவில்லை.
காட்டக் கூடாதென்று விதியில்லை, அவர்களாகவே விட்டார்கள்.

உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தக்கது.
தாளைக் கொண்டுவந்து விர்னெட்டா என்னைக் கேட்டாள்:
தக்கது என்றால், தருவீர்கள் என்றுதானே?
இந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும்.
சரிபார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று செவ்வாய். எந்தத் தடைக்காலமும் இல்லை.
இருவரும் நாள் முழுக்கப் பேசலாம்,
காபி வாங்கித்தரலாம், ஒரு பண்ணையளவு சோறு போடலாம்.
என் கதவுக்கு வெளியே, சிப்ஸ் இயந்திரத்தருகே,
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து
பையன் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.
கோச் வந்தார். போனைப் பார்த்தபடியே வந்தார்.
"கோச்," என்றான்.
திரை அணைந்துதான் இருந்தது, நான் பார்த்தேன்.
படியேறிப் போனார்.

இதற்குப் படிவம் இல்லை.

சற்றுப் பொறுத்துத் தலையை நீட்டினான்:
"மேடம், லிஃப்ட் வேலை செய்கிறதா?"
ஆகஸ்டிலிருந்து இல்லை.
பழுது பார்க்கக் கேட்கும் தாள் ஒன்று உண்டு, பச்சை நிறம்,
என் இழுப்பறையில் இருக்கிறது, நிரப்பாமல்.