பாதிக் காற்று

பாலக்காட்டில் ஒன்று பத்துக்குக் கவ்வி போட்டார்கள்.
பச்சை மையில் மணிக்கட்டில் எழுதிக்கொண்டேன்.
தாள் தொலையும், கை தொலையாது.
இனி ஆறு மணி நேரம்.

சுபைருக்கு முப்பத்திரண்டு வயது.
வாளையார்ச் சாவடிக்கு முன்னால்
லாரிகள் வரிசை பிடிக்கும் இடத்தில் பஞ்சர் கடை.
சிமெண்ட் லோடு, முட்டை லோடு, வெங்காய லோடு
எல்லாவற்றுக்கும் காற்று அளந்தவன்.
நெறைய அடிக்கண்டா அண்ணா,
ஓட ஓட அதுவே சூடாயி வீங்கும் என்பானாம்.
ரஹ்மத் சொன்னாள்,
கையெழுத்துப் போட்ட பிறகு,
யாரும் கேட்காமல்.

உள்ளே குளிர்ந்த திரவம் விட்டுக் கழுவினார்கள்,
ரத்தம் போகும் வழியாக ஒரு முறை,
பிறகு வரும் வழியாகத் தலைகீழாக.
மிளகளவு இரண்டு கட்டிகள் வந்து விழுந்தன.
அப்புறம் தெளிந்தது.

சுருங்க விட்டால் உள்ளறைகள் ஒட்டிக்கொள்ளும்.
முழுக்க ஊதினால் கிழியும்.
பாதிக்குச் சற்று மேலே நிறுத்தி
மூச்சுக்குழலை அடைத்தார்கள்.
அவன் பார்த்திருந்தால்
சரியான அளவு என்றிருப்பான்,
அல்லது இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருப்பான்.

பொட்டிக்குள்ள குளிருமா?
குளிரும். ஐஸ் மேலே படாது, மூன்று உறை.
அவள் தலையாட்டினாள்.
குளிர் அவருக்கு ஆகாது.

கஞ்சிக்கோடு தாண்டியதும் கணவாய்க் காற்று
வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது.
ஆடி மாதம்.
மலை விட்டுக்கொடுத்த அந்த ஒரே இடத்தில்
மேற்கின் மூச்சு மொத்தமும் கோவைக்குள் இறங்குகிறது.
டென்னிசன் கண்ணாடியை ஏற்றினார்.
என் காலுக்கிடையில் பெட்டி,
அதற்குள் மட்டும் அசையாத காற்று.

சாவடியில் கம்பத்தைத் தூக்கியே வைத்திருந்தார்கள்.
இடது பக்கம் அவன் கடை.
கம்ப்ரசர் மேல் சாக்கு.
ஒரு லாரிக்காரர்
டயரை உதைத்து உதைத்துப் பார்த்தபடி
யாராவது எழுந்து வருவார்கள் என்று நின்றிருந்தார்.

நான்கு பத்து.
மயிலாத்தாளின் நெஞ்சில் வலது பக்கம் தைத்து முடிந்தது.
பதினெட்டு வருடம் பஞ்சாலைத் தூசி தின்ற இடம்.

இங்கேதான் ஆபத்து.
ரத்தம் இல்லாமல் கிடந்தபோது அல்ல,
ரத்தம் திரும்பி வரும்போது.
பட்டினி கிடந்த திசு
வரும் முதல் வெள்ளத்தையே பகை என்று எண்ணி
நீர் கோத்துக்கொள்ளும்.
அதனால் கவ்வியை ஒரு நூல் திறந்து,
நிறுத்தி,
இன்னொரு நூல்.
பத்து நிமிடம்.

மெதுவா, மெதுவா என்றார் டாக்டர் எமல்டா.
எங்களிடம் சொன்னாரா
ரத்தத்திடம் சொன்னாரா.

சாம்பல் வெளுப்பின் ஓரத்தில்
நகம் அளவுக்கு ஒரு சிவப்பு.
பிறகு இன்னும் கொஞ்சம்.
மூச்சுப்பொறியைக் குறைந்த அழுத்தத்தில் வைத்தார்கள்.
இடது பக்கம் பாக்கி இருக்கிறது.
அதன் பிறகு மூன்று நாள்
வீங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளியே வந்து சோப்புப் போட்டேன்.
எல்லாம் போயிற்று,
ஒன்று பத்து மட்டும்
பச்சையாக.